ரெண்டு பட்டன்

தப்பா நெனைச்சுக்காதீங்க, உங்க லேப்டாப்பைப் பூட்டினது நான்தானுங்க. காங்கேயம் பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்க எறங்கினீங்கல்ல, சீட்டு மேல தொறந்தபடியே வெச்சுட்டுப் போயிட்டீங்க. நான் எதையும் படிக்கலை, எதையும் கலைக்கலை. ஜன்னல் படம் போட்ட பட்டன் ஒண்ணு, எல் எழுத்துப் பட்டன் ஒண்ணு. ரெண்டையும் சேர்த்து ஒரு அமுக்கு. அவ்வளவுதான். உங்க பாஸ்வேர்டை அடிச்சுப் பாருங்க, விட்ட எடத்துல அப்படியே இருக்கும்.

இருக்குதுங்களா? சரி.

நீங்க அடிக்கறப்ப நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன், கவனிச்சீங்களா? அது பழக்கமுங்க. ஒருத்தர் துணி மாத்தறப்ப நாம திரும்பிக்கறோமல்ல, அந்த மாதிரி. எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் இதைச் சொல்லிக் குடுத்தது நான்தான். என் பேரு வசந்தாமணிங்க. கோயமுத்தூர்ல ஒரு பம்ப்செட் கம்பெனில இருபத்தி ரெண்டு வருசமா ஆபீஸ் வேலை. எம்முதுகுக்குப் பின்னாடி என்னைக் கம்ப்யூட்டர் போலீஸ்னு கூப்பிடுவாங்க. மூஞ்சிக்கு நேராவும் கூப்பிடுவாங்க, எனக்கு அதுல ஒண்ணும் வருத்தமில்லீங்க. பெருமைதான். பத்தாவதோட நின்னவ, டைப்ரைட்டிங் மட்டும் ரெண்டு பரீட்சை. என்னைப் பார்த்து எம்.பி.ஏ. படிச்சவங்க ஸ்கிரீனைப் பூட்டுவாங்கன்னா சும்மாங்களா?

எப்படி ஆரம்பிச்சுதுன்னா, அஞ்சு வருசத்துக்கு முன்னாடி எங்க ஆபீஸ்ல ஒரு கூத்து நடந்துது. கூரியர்ல இருந்து வந்த மாதிரி ஒரு மெயில். "உங்க பார்சல் நிக்குது, இன்னிக்குள்ள இதைத் தொறந்து பாருங்க, இல்லாட்டித் திருப்பி அனுப்பிருவோம்"னு. டெஸ்பாட்ச் பார்க்கற கருணாகரன் பதறிப்போயி அமுக்கிட்டாரு. சாயங்காலத்துக்குள்ள பதினோரு கம்ப்யூட்டர்லயும் ஒரு ஃபைலும் தொறக்கலை. பம்ப் டிராயிங் அத்தனையும் போச்சு. ரெண்டு வாரம் பேப்பரும் பேனாவும்தான். அப்பத்தான் மொதலாளி, யாராச்சும் ஒருத்தர் போயி பாதுகாப்பா வேலை செய்யறது எப்படின்னு கத்துட்டு வாங்கன்னாரு. மத்தவங்களெல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. நான் போனேன். ரெண்டு நாள் வகுப்பு. ஒரு நோட்டு முழுக்க எழுதிட்டு வந்தேன்.

வந்து போர்டுல ஒட்டினேன். அவசரம் அவசரம்னு சொல்ற எந்த மெயிலையும் அமுக்காதே, அனுப்பினவருக்கு நீயே போன் போட்டுக் கேளு. பாஸ்வேர்டுக்கு பேரு, பொறந்த தேதி வேண்டாம், நீ மட்டும் சொல்லக்கூடிய ஒரு வாக்கியத்தை வெச்சுக்க. ஃபைலுக்குப் புதுசு, புத்தம்புதுசு, கடைசிப் புதுசுன்னெல்லாம் பேரு வெக்காதே. வெள்ளிக்கிழமை தவறாம பேக்கப், மூணு எடத்துல. சீட்டை உட்டு எந்திரிச்சா ஸ்கிரீனைப் பூட்டு.

யாரு கேட்டாங்க? கருணாகரன் பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி கீபோர்டுக்கு அடியில வெச்சிருந்தாரு. நான் கத்தினதும் எடுத்து மானிட்டர்ல ஒட்டிக்கிட்டாரு, தேடறதுக்குச் சௌகரியமா இருக்குதாம்.

அப்பத்தான் தேங்கா பன் யோசனை வந்துது. எந்திரிச்சுப் போறவங்க ஸ்கிரீனைப் பூட்டாம போனா, பார்த்தவங்க அங்க உக்காந்து அவங்க பேர்லயே எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டுரோணும்: "நாளைக்கு எல்லாருக்கும் என் செலவுல தேங்கா பன்." கூடவே ஒரு காரணமும் எழுதோணும். கற்பனையா, சந்தோசமான காரணமா இருக்கோணும். அதுதான் சட்டம். "என்ற மாமியார் இன்னிக்கு என்ற ரசத்தை ரெண்டாவது தடவை வாங்கிக்கிட்டாங்க, அதனால தேங்கா பன்." "எனக்கு முடி மறுபடியும் மொளைச்சிருக்குது, அதனால தேங்கா பன்." இது கருணாகரன் பேர்ல போனது. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு. மெயில் ஆபீசுக்கு மட்டும் போனாப் பத்தாதுன்னு மதுரை, விஜயவாடா பிராஞ்சுக்காரங்களையும் சேர்த்து "எல்லாரும்"னு ஒரு குரூப் போட்டு வெச்சேன். இருபத்தாறு பேரு. ஒரே அமுக்குல போயிரும். போர்டுல மூணு மாசம் ஒட்டி வெச்சும் வராத பழக்கம் மூணே வாரத்துல வந்துருச்சுங்க.

ஒருத்தியைத் தவிர. சுகந்தி.

சுகந்தி என்ற பக்கத்து சீட்டு. பின்பக்கம் ஜன்னலோரம் நாங்க ரெண்டு பேருதான். நாப்பது வயசு இருக்கும், என்னைவிடப் பன்னெண்டு சின்னவ. ஒம்பது வருசம் ஒண்ணா சாப்பிட்டிருக்கோம். என்ற டப்பா அவகிட்ட, அவ டப்பா எங்கிட்ட. என்ற ஊட்டுக்காரர் பேசறதே அபூர்வமுங்க, மில்லு சத்தத்துலயே முப்பது வருசம் இருந்தவரு. பொண்ணு ஓசூர்ல இருக்கா. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை நான் பேசினேன்னா அது சுகந்திகிட்டப் பேசினதுதான். "மணியக்கா"ம்பா. அந்த "க்கா"வைக் கொஞ்சம் இழுப்பா.

அவளுக்கு ஒரே தம்பி, பூபதி. சூலூர்ல மோட்டார் காயில் கட்டற கடை வெச்சிருந்தான். அப்பா அம்மா இல்ல, இவதான் வளர்த்தா. முப்பத்தி நாலு வயசாச்சு, பொண்ணு அமையலை. எங்க பக்கம் பொண்ணு கெடைக்கறது உங்களுக்குத் தெரியுமே, கவர்மெண்டு வேலையா, பெங்களூரா, சொந்த வீடான்னு கேப்பாங்க. நாலு வருசமா சுகந்தி தேடினா. வர்ற ஜாதகத்தையெல்லாம் ஆபீஸ் பிரிண்டர்ல எடுத்துக் குவிச்சு வெச்சிருப்பா. வேணுங்கறப்ப ஒண்ணு கெடைக்காது. நான்தான் உக்கார வெச்சு அதை ஒழுங்கு பண்ணிக் குடுத்தேன். எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணு, பொண்ணு பேரு, ஊரு, நட்சத்திரம், இந்த வரிசையில ஃபைலுக்குப் பேரு வை, தேடற எடத்துல "ரோகிணி"ன்னு அடிச்சா ரோகிணி எல்லாம் வந்து நிக்கும்னு. அறுபத்தி மூணு ஜாதகமுங்க. ஜோசியரே அசந்துட்டாரு, இப்படி ஒரு ஒழுங்கை நான் பார்த்ததில்லம்மான்னு.

பாஸ்வேர்டும் அப்படித்தான். ஒரு வாக்கியம் வைன்னு சொன்னேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னும் சொன்னேன். அவ யோசிச்சு வெச்சுட்டு, உடனே எங்காதுல வந்து சொல்லிட்டா. "பூபதி கல்யாணத்துல மணியக்காவுக்கு மொதப் பந்தி." அதை இடைவெளி இல்லாம இங்கிலீஷ் எழுத்துல அடிக்கோணும். எவ்வளவு நீளம் பாருங்க. அவ அடிக்கற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும், மழை பேஞ்ச மாதிரி. சொன்னதுக்குத் திட்டினேன். திட்டினேனே தவிர, உள்ளுக்குள்ள எனக்கு என்னமோ பண்ணுச்சுங்க. ஒருத்தி ஆபீசுக்கு வந்ததும் வராததுமா தெனமும் என்ற பேரை அடிச்சுட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கறான்னா.

அவ்வளவு நீளப் பூட்டை வெச்சுக்கிட்டு, பூட்டறதுக்கு மட்டும் மறந்துருவா. மாசத்துக்கு ரெண்டு தடவை தேங்கா பன் சுகந்தி பேர்லதான். சனிக்கிழமை சாயங்காலம் பூபதி பைக்குல அக்காவைக் கூட்டிட்டுப் போக வருவான், "இன்னிக்கு யாருங்க்கா மாட்டினது, எங்கக்காதான?"ன்னு சிரிச்சுட்டே ஒரு பன்னைப் பேப்பர்ல சுத்தி பையில போட்டுக்குவான். நான் மாட்டினதே இல்ல. நாலு வருசத்துல என்ற பேர்ல ஒரு மெயில் போனதில்லீங்க. சுகந்தி சவால் உட்டா. "ஒரு நாளைக்கு உங்களை மாட்ட வெக்காம உடமாட்டேன்க்கா. காரணம்கூட யோசிச்சு வெச்சிருக்கேன்"ன்னா. என்ன காரணம்னு கேட்டா சொல்ல மாட்டா. "அன்னைக்கு மெயில்ல படிச்சுக்குங்க"ம்பா.

தண்ணி குடிக்கறீங்களா? இல்லீங்களா, நான் ஒரு வாய் குடிச்சுக்கறேன்.

போன தை மாசம், ஒரு புதன்கிழமை. நான் ஸ்டோர்ல சரக்கு லிஸ்ட் பார்த்துட்டு பதினொண்ணு இருபதுக்கு மேல வர்றேன். சுகந்தி சீட்டு காலி. ஸ்கிரீன் தொறந்து கெடக்குது. ஒரு கொட்டேஷன் பாதில நிக்குது. குனிஞ்சு பார்த்தேன், செருப்பு மேசைக்கு அடியிலயே இருக்குது. செருப்பு இருந்தா ஆளு உள்ளதான எங்கியோ இருக்கோணும்? பாத்ரூம் போயிருப்பா, இல்லாட்டி சாமி படத்துக்குப் பூ மாத்தப் போயிருப்பான்னு நெனைச்சேன். செருப்பு மட்டும் இல்லாம இருந்திருந்தா நான் உக்காந்திருக்கவே மாட்டேனுங்க. இதை நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.

உக்காந்தேன். சீக்கிரம் அடிக்கோணும், அவ வந்துருவாள்ல. காரணம் ஒண்ணு வேணும். வாயில வந்ததை அடிச்சேன். "என்ற தம்பி பூபதிக்குப் பொண்ணு அமைஞ்சிருச்சு. நாளைக்கு எல்லாருக்கும் என் செலவுல தேங்கா பன்." அனுப்பிட்டு, ஜன்னல் பட்டனையும் எல் பட்டனையும் அமுக்கிப் பூட்டிட்டு, என்ற சீட்டுல வந்து ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்துக்கிட்டேன். சிரிப்பை அடக்கிக்கிட்டு.

பத்து நிமிசம், கால் மணி நேரம். அவ வரலை. பதில் மட்டும் வந்துட்டே இருக்குது. அது நெசம்னே நம்பிட்டாங்க. வழக்கமா சிரிப்புக் காரணம்தான போடுவோம், இது அப்படி இல்லையே, நாலு வருசமா எல்லாரும் காத்துட்டிருந்த சேதியாச்சே. மதுரைல இருந்து வாழ்த்து, விஜயவாடால இருந்து தெலுங்குல வாழ்த்து. முன்னாடி ஹால்ல கைதட்டறாங்க. நானும் கூடச் சேர்ந்து தட்டினேனுங்க. என்னத்தைச் சொல்ல.

அப்ப வாட்ச்மேன் மேல வந்தாரு. "சுகந்தியம்மா பின்பக்கப் படில எறங்கி வெறுங்காலோட ஓடிச்சுங்க. அழுதுட்டே. நான்தான் ஆட்டோ புடிச்சு ஏத்தி உட்டேன். தம்பிக்கு ஆக்சிடென்டாம். நீலம்பூர் பக்கம் லாரி தட்டிருச்சாம்."

மொதல்ல என்ன பண்ணேன் தெரியுங்களா? அனுப்பின மெயிலைத் திரும்ப வாங்க முடியுதான்னு பார்த்தேன். முடியாதுன்னு எனக்குத் தெரியும். வகுப்பெடுக்கறப்ப சொல்லுவனே, அமுக்கறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு உட்டு யோசிங்க, போனது போனதுதான்னு. அப்பறம் என்ற பேர்ல இன்னொரு மெயில் போட்டேன். "முந்தினது விளையாட்டு, யாரும் பதில் போட வேண்டாம்." அதை யாரு படிச்சாங்க? சுகந்தி போனுக்கும் ஆபீஸ் மெயில் வர்ற மாதிரி வெச்சுக் குடுத்தது நான்தான். எங்க இருந்தாலும் வேலை நிக்காதுல்ல, நேரம் மிச்சமுன்னு.

வெளியூர்ல இருந்த மொதலாளி முதல் மெயிலை மட்டும் பார்த்திருக்காரு. அவருக்கு சுகந்தின்னா ஒரு தனி மரியாதை. நேரா அவ நம்பருக்குக் கூப்பிட்டுட்டாரு. பன்னெண்டேகால் மணிக்கு. அவ ஆஸ்பத்திரி வராந்தால நிக்கறா. டாக்டர் வந்து சொல்லிட்டுப் போயி அஞ்சு நிமிசம்கூட ஆகலை. பூபதி போயிட்டான்னு. அப்ப போன் அடிக்குது. "என்னம்மா சுகந்தி, தம்பிக்குக் கல்யாணமாமே, ரொம்ப சந்தோசம்"ங்கறாரு மொதலாளி.

இதை அவ எங்கிட்டச் சொல்லலைங்க. கருணாகரன் சம்சாரம்கிட்டச் சொல்லியிருக்கா, அவங்க சொல்லி எனக்குத் தெரியும். "ஒரு நிமிசம், டாக்டர் சொன்னதுதான் பொய்யோன்னு நெனைச்சுட்டேன். மொதலாளியே சொல்றாரு, அப்ப அது என்ற தம்பியா இருக்காது, வேற யாரையோ காட்டறாங்கன்னு நெனைச்சேன்"னு சொன்னாளாம். ஒரு நிமிசம். அந்த ஒரு நிமிசம் அவளுக்குத் தம்பி திரும்பக் கெடைச்சிருக்கான். நான் குடுத்தேன். நான் குடுத்து நானே புடுங்கிக்கிட்டேன்.

இருங்க. ஒண்ணுமில்ல, தூசி.

அடுத்த நாள் காலைல சூலூருக்குப் போனேன். அவ பையையும் செருப்பையும் எடுத்துட்டுப் போனேன், ஒரு கவர்ல போட்டு. ஆபீஸ்ல எல்லாரும் வந்திருந்தாங்க. யாரு அந்த மெயிலைப் போட்டதுன்னு யாரும் கேக்கலை, எல்லாருக்கும் தெரியும். நான் போயி அவ பக்கத்துல உக்காந்து, நாலு வார்த்தை ஆறுதல் சொல்லிட்டு வந்தேன்.

பதினாறாம் நாள் முடிஞ்சு வேலைக்கு வந்தா. அன்னைக்கு இருந்து எங்கிட்ட வேலைப் பேச்சைத் தவிர ஒரு பேச்சு இல்ல. "அந்த ஃபைல் அனுப்பிட்டேங்க்கா." "சரிங்க்கா." இழுப்பு இல்லாத அக்கா. டப்பாவை எடுத்துட்டு முன்னாடி ஹாலுக்குப் போயிருவா. மொதலாளி தேங்கா பன் பழக்கத்தை நிறுத்தச் சொல்லிட்டாரு, போர்டுல இருந்த காயிதத்தைக் கருணாகரனே கிழிச்சுட்டாரு. அதெல்லாம் சரிங்க. எனக்கு எது தாங்கலைன்னா, சுகந்தி பூட்டப் பழகிட்டா.

நாலு வருசம் கத்துக் குடுத்து வராதது. இப்ப எந்திரிச்சாப் பூட்டறா. குனிஞ்சு பேனா எடுத்தாப் பூட்டறா. நான் பீரோப் பக்கம் போறதுக்கு அவ சீட்டைத் தாண்டோணும். நான் எந்திரிக்கற சத்தம் கேட்டாலே அவ ரெண்டு விரலும் போயி அந்த ரெண்டு பட்டன் மேல உக்காந்துரும். நான் தாண்டிப் போற வரைக்கும் கருப்பு ஸ்கிரீனைப் பார்த்துட்டு உக்காந்திருப்பா. அப்பறம் தொறக்கறா. தொறக்கறப்ப மழைச் சத்தம் இல்லீங்க. டக்கு டக்குனு எட்டோ ஒம்பதோ எழுத்துதான். பாஸ்வேர்டை மாத்திட்டா. மாத்தாம என்ன செய்வா? கல்யாணமும் இல்ல, பந்தியும் இல்ல. ஆனா அதுல நான் ஒருத்தி இருந்தேனேங்க. நானும் சேர்ந்து அழிஞ்சுட்டேனல்ல.

ஜாதகம் வெச்ச ஃபோல்டரையும் ஒரு நாள் அழிச்சுட்டா. ஆனா பேக்கப்ல இருக்குது. மூணு எடத்துல. அறுபத்தி மூணு பொண்ணுக பேரும் ஊரும் நட்சத்திரமும். வெள்ளிக்கிழமை ஆனா அதையும் சேர்த்து நான்தான் காப்பி எடுக்கறேன். தனியா எடுத்து அழிக்கறதுக்குக் கை வரலை.

நீங்க கேக்கறது நாயந்தானுங்க. மன்னிப்புக் கேட்டீங்களான்னு. கேட்ட மாதிரித்தான். வருத்தமா இருக்குதுன்னு எவ்வளவோ வழில காட்டினேன். அவளுக்குப் புடிச்ச பாசிப்பருப்புக் கடைசல் வெச்சு மேசைல வெச்சேன். அப்படியே இருந்துது, சாயங்காலம் நானே எடுத்துட்டுப் போனேன். அப்பறம் ஒண்ணு பண்ண ஆரம்பிச்சேன். சொன்னா சிரிப்பீங்க.

என்ற ஸ்கிரீனைத் தொறந்து போட்டுட்டுப் போக ஆரம்பிச்சேன்.

ஆமாங்க, வேணும்னேதான். கம்ப்யூட்டர் போலீஸ். மத்தியானம் ஒண்ணேகாலுக்கு எந்திரிச்சு, மெயில் பக்கத்தைத் தொறந்து, "எல்லாரும்"ங்கற குரூப்பைக்கூட மேல போட்டு வெச்சுட்டு, மொட்டை மாடிக்குப் போயிருவேன். அவ சொன்னாளே, ஒரு நாளைக்கு உங்களை மாட்ட வெப்பேன்னு. மாட்ட வெக்கட்டும். எவ்வளவு கேவலமா வேணும்னாலும் எழுதட்டும். கெழவிக்குப் புத்தி கெட்டுப்போச்சு, அதனால தேங்கா பன்னு எழுதட்டும். இருபத்தாறு பேருக்கும் போகட்டும். வந்து பார்த்தா நான் வெச்சது வெச்சபடி இருக்கும். எட்டு மாசம். ஒரு எழுத்து இல்ல. அவ திரும்பிக்கூடப் பார்க்கறதில்ல.

போன வாரம் வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடைசி நாளுங்க. ஊட்டுக்காரருக்குத் திருச்சில வேலை, அதனால போறோம்னு எழுதிக் குடுத்திருந்தா. இருக்கலாம். பொறுப்பு ஒப்படைக்கறப்ப பார்க்கோணுமே, நான் போர்டுல எழுதினது அத்தனையும் இருந்துது. ஒவ்வொரு ஃபைலுக்கும் பேரு, தேதி. பேக்கப் எங்கெங்க இருக்குதுன்னு ஒரு பக்கம். அவ்வளவு சுத்தம். பார்த்துட்டு, நல்லா இருக்குது சுகந்தின்னேன். "நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்க்கா"ன்னா. கோவமா சொல்லலைங்க. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா போச்சு.

மத்தியானம் வழக்கம் போல தொறந்து போட்டுட்டு மாடிக்குப் போனேன். கடைசி நாளாச்சே, இன்னிக்காவது எழுதுவான்னு. எல்லாரும் ஓட்டலுக்குப் போயிருந்தாங்க, அவ மட்டும்தான் அவ சீட்டுல. நான் ஒரு மணி நேரம் கழிச்சு எறங்கி வர்றேன். அவ கெளம்பிட்டா. மேசை தொடைச்சு வெச்சிருக்குது. என்ற ஸ்கிரீனைப் பார்க்கறேன்.

பூட்டியிருக்குது.

தானாப் பூட்டாதுங்க, அதையெல்லாம் நான் எப்பவோ எடுத்து உட்டுட்டேன். அவதான் வந்திருக்கோணும். பாஸ்வேர்டை அடிச்சேன். மூணு தடவை தப்பாச்சு. போன மெயில்ல பார்த்தேன், ஒண்ணுமில்ல. பாதில நிறுத்தினது ஏதாச்சும் இருக்குதான்னு பார்த்தேன், இல்ல. குப்பைல தேடினேன், இல்ல. எழுதவே இல்ல. வந்து நின்னு, அந்த ரெண்டு பட்டனை அமுக்கிப் பூட்டிட்டுப் போயிருக்கா. அவ்வளவுதான்.

அதுக்கு என்ன அர்த்தமுங்க? இந்த ஒம்பது நாளா எனக்குத் தூக்கமில்ல. உங்கூட விளையாட எனக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டுப் போனாளா? இல்ல, வேற யாராச்சும் வந்து என்ற பேர்ல எதையாச்சும் எழுதிறக் கூடாதுன்னு பூட்டினாளா? அதைக் கேக்கத்தான் போறேன். திருச்சி, உறையூர். அட்ரஸ் அவ குடுக்கலை, ஆபீஸ் ஃபைல்ல பார்த்து எழுதிக்கிட்டேன். அடுத்தவங்க விவரத்தை வேலை இல்லாம எடுத்துப் பார்க்கக் கூடாதுன்னு போர்டுல எழுதினதும் நான்தான். இந்தப் பைல இருக்கறது தேங்கா பன்னுங்க, எட்டு. மணக்குதுல்ல? எதுக்கு வாங்கினேன்னு தெரியலை. வெறுங்கையோட போகக் கூடாதுன்னு வாங்கிட்டேன். பஸ் ஏறின பொறவுதான் தோணுச்சு, இதைப் போயி அவ முன்னாடி வெப்பாங்களான்னு. வெள்ளகோயில் வரும்போதே ஜன்னல் வழியா வீசிறலாமான்னு பார்த்தேன்.

என்ன சொல்லோணும்னு சிங்காநல்லூர்ல இருந்து வாய்க்குள்ளயே சொல்லிப் பார்த்துட்டு வர்றேன். கேளுங்க, சரியா இருக்குதான்னு சொல்லுங்க. "சுகந்தி, அன்னைக்கு நடந்தது எனக்கு ரொம்ப வருத்தம் கண்ணு. நான் வேணும்னு பண்ணலை. செருப்பு அங்கியே இருந்துது, நீயும் பூட்டாம போயிட்ட..."

பாருங்க. பாருங்க, மறுபடியும் அங்கதான் போயி நிக்குது.

சூலூர்ல நாலு வார்த்தை ஆறுதல் சொன்னேன்னு சொன்னேனல்ல. அது ஆறுதல் இல்லீங்க. நான் செருப்பை எடுத்து அவ காலடில வெச்சப்ப அவ நிமிந்து பார்த்தா. மூஞ்சியெல்லாம் வீங்கிக் கெடக்குது. மெதுவா, "நீங்களா மணியக்கா?"ன்னு கேட்டா. ஆமாம்னு சொல்லியிருக்கலாம். கட்டிப் புடிச்சு அழுதிருக்கலாம். நான் சொன்னேன், "நீ ஸ்கிரீனைப் பூட்டிட்டுப் போயிருக்கலாமே கண்ணு. ரெண்டு பட்டன்தான." பொணத்தை நடு ஊட்டுல வெச்சுட்டு. சரிங்க்கான்னு தலையை ஆட்டினா. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லீங்க. மெயிலுக்குத்தான் அவளுக்குக் கோவம்னு ஒம்பது மாசமா நானும் நம்பிட்டு இருந்தேன்.

தம்பி அடிபட்டுக் கெடக்கறான்னு போன் வந்தா, செருப்பையே மறந்துட்டு ஓடறவளுக்கு எங்கிருந்து ரெண்டு பட்டன் ஞாபகம் வரும்? நான் வந்தேன், பார்த்தேன், தொறந்து கெடந்துது. அவளுக்காக நான் அமுக்கியிருக்கலாமே. ஒரு நொடி. அமுக்கிட்டு, இவ எங்க போனான்னு எந்திரிச்சுத் தேடியிருந்தா வாட்ச்மேன் சொல்லியிருப்பாரு, நானும் ஒரு ஆட்டோ புடிச்சுப் போயி அந்த வராந்தால அவ பக்கத்துல நின்னிருப்பேன். செருப்பைக் கையில எடுத்துட்டுப் போயிருப்பேன். அவ்வளவுதானேங்க நான் செஞ்சிருக்க வேண்டியது. வெள்ளிக்கிழமை அவ எனக்குச் செஞ்சுட்டுப் போனாளே, அது.

கரூர் வந்துருச்சு போல. இங்க கால் மணி நேரம் நிக்கும். நீங்க எறங்கி ஏதாச்சும் சாப்பிட்டு வாங்க, காலைல இருந்து அந்த ஒரு டீதான. எனக்கு வேண்டாமுங்க.

அட, அதைப் பூட்ட வேண்டாம். தொறந்தே கெடக்கட்டும், சும்மா போங்க. நான் இருக்கேனல்ல, பார்த்துக்கறேன்.